கோட்டிங் மீது நான் போட்ட பழி

கோவையில் துல்லிய ஷாஃப்ட்டுகள் செய்யும் ஒரு பட்டறையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தபோது, ஒரு தோல்வி அறிக்கையில் நான் பொய் எழுதினேன். எங்களிடமிருந்து போன ஷாஃப்ட்டுகள் வாடிக்கையாளரின் இயந்திரத்தில் தேய்ந்து திரும்பி வந்தன. அவை தேய்ந்ததற்குக் காரணம் நான் எடுத்த முடிவு. ஆனால் "மேல்பூச்சு சரியாக ஒட்டவில்லை, பூசுவதற்கு முன் சுத்தம் செய்ததில் குறை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சிறு தொழில் நடத்துபவர் பணம் இழந்தார். அவரிடம் இருந்த ஒரு தொழிலாளி வேலையை இழந்தார்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால் எஃகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் தவறு எந்த இடத்தில் நுழைந்தது, அதை மறைப்பது ஏன் அத்தனை சுலபமாக இருந்தது என்பதெல்லாம் அந்த விவரங்களுக்குள்தான் இருக்கிறது.

அது நூற்பாலையில் நூல் சுற்றும் இயந்திரத்தோடு இணைக்கும் ஒரு துணைக்கருவியின் ஷாஃப்ட். விரல் தடிமன், ஒரு முழ நீளம். அதன்மேல் ஒரு பால் புஷ் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓடும். புஷ்ஷுக்குள் இருக்கும் சிறு எஃகுக் குண்டுகள் ஷாஃப்ட்டின் மேல் நேராக உருளும். குண்டு தொடும் இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே விழும் அழுத்தம் மிக அதிகம். ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினம் இல்லாவிட்டால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். அதனால் இந்த வேலைக்கு இ.என்.31 என்று நாங்கள் சொல்லும் பேரிங் எஃகை எடுப்போம். அதில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கார்பனும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குரோமியமும் இருக்கும்.

நூற்பாலைக்குள் நூல் அறுபடாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றி வைத்திருப்பார்கள். பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். எண்ணெயைத் தாராளமாக விட முடியாது. நூலில் கறை பட்டால் அந்த நூல் வீண். ஆக, ஷாஃப்ட்டுக்குத் துருவும் ஏறக் கூடாது, குறைந்த எண்ணெயில் தேயவும் கூடாது. அதுவரை ஹார்டு குரோம் முலாம் போட்டுக் கொடுத்துவந்தோம். அந்தத் தொட்டியின் சூடு 50 முதல் 60 டிகிரிதான். எஃகின் கடினத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சில ஷாஃப்ட்டுகளில் முலாம் உரிந்துவந்தது. மேலும் அந்தத் தொட்டியில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் குரோமியம் ட்ரை ஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. ராணிப்பேட்டையில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது நமக்குத் தெரியும். வேறு வழி பார்க்கலாம் என்று வாடிக்கையாளர் கேட்டபோது நான் முந்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன்: டைட்டானியம் நைட்ரைடு.

எங்கள் ஷாப்பில் தங்க நிற டிரில் பிட்டுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தங்க நிறம்தான் டைட்டானியம் நைட்ரைடு. வெற்றிடக் கலத்தில் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனை உள்ளே விட்டு, இரண்டு மூன்று மைக்ரான் தடிமனுக்குப் படியவைக்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து டிரில் பிட்டுகளிலும் கியர் வெட்டும் கருவிகளிலும் இது பரவியது. விக்கர்ஸ் கடின அளவில் ஹார்டு குரோம் 1000ஐ ஒட்டி நிற்கும். இது 2000ஐத் தாண்டும். பூசிய பிட் பூசாததைவிடப் பல மடங்கு துளை போடுவதை என் கண்ணால் பார்த்திருந்தேன். வெட்டும் கருவிக்கே தாங்குகிறது, ஷாஃப்ட்டுக்குத் தாங்காதா என்று எண்ணினேன். வரைபடத்தில் என் கையாலேயே "டைட்டானியம் நைட்ரைடு, 3 மைக்ரான்" என்று எழுதினேன்.

டிரில் பிட் ஹை ஸ்பீடு ஸ்டீல். அதைக் கடினப்படுத்திய பிறகு சுமார் 550 டிகிரியில், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை டெம்பர் செய்கிறார்கள், அதாவது மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். டைட்டானியம் நைட்ரைடு பூசும் கலம் ஏறத்தாழ 450 டிகிரியில் இருக்கும். 550ஐப் பார்த்துவிட்ட எஃகுக்கு 450 ஒரு பொருட்டே கிடையாது. என் இ.என்.31 ஷாஃப்ட்டோ 840 டிகிரி அளவில் காய்ந்து, எண்ணெயில் தோய்ந்து, பிறகு வெறும் 180 டிகிரியில் டெம்பர் ஆனது. டெம்பரிங்கில் கண்ட சூட்டுக்கு மேல் மறுபடி சூடு காட்டினால் எஃகு தன் கடினத்தை இழக்கும். மணிக்கணக்கில் 450 டிகிரியில் இருந்தால் 60ஐ ஒட்டி நின்ற ராக்வெல் 50க்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே பூட்டி இருந்த தகைவும் தளர்வதால் மெல்லிய ஷாஃப்ட் வளையவும் செய்யும்.

இது ஐ.டி.ஐ. மாணவருக்கே சொல்லிக் கொடுக்கும் பாடம். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

போதாததற்கு, இரண்டு பேர் எனக்கு எடுத்துச் சொல்லவும் செய்தார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் செய்து கொடுக்கும் பெரியவர், ஷாஃப்ட்டுகளை வண்டியில் ஏற்றும்போது கேட்டார்: "தம்பி, நூத்தியெம்பது டிகிரில டெம்பர் பண்ணிக் குடுத்திருக்கறனுங்க. அதுக்கு மேல சூடு காட்டுனா ஹார்ட்னெஸ் நிக்காதுங்க. கோட்டிங்காரங்ககிட்டக் கேட்டுக்கிட்டீங்களா?" பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசவில்லை.

கோட்டிங் யூனிட்டிலிருந்து வந்த படிவத்தில் எஃகின் கிரேடு, டெம்பரிங் சூடு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் காலியாக விட்டேன். அங்கிருந்து போன் வந்தது. "சார், என்ன ஸ்டீலுங்க? குறைஞ்ச சூட்டுல போடணும்னா வேற கோட்டிங் இருக்குதுங்க. ஆனா அந்த பாட்ச் அடுத்த வாரம்தான் ஏத்துவோம்." எனக்கு அடுத்த வாரம் வரை பொறுக்க முடியவில்லை. டெலிவரி தேதியை நானே வாக்குக் கொடுத்திருந்தேன். "எல்லாருக்கும் போடறதுதானே, போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

ஷாஃப்ட்டுகள் திரும்பி வந்தபோது அழகாக இருந்தன. சிலவற்றில் ரன்-அவுட் கூடியிருந்தது. பூசுவதற்கு முன் நேராக இருந்தது பூசிய பின் ஏன் வளைந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். வளைந்ததைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதை அனுப்பினேன். பூச்சின் தடிமனைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன். கடினத்தைப் பார்க்கவில்லை.

பார்க்க வசதி இல்லாமலா? ராக்வெல் இயந்திரம் என் அறையிலேயே இருந்தது. அதில் 60 என்ற எண் வருகிறது என்றால் வைரக்கூம்பு அளவெடுக்கும் ஆழம் 80 மைக்ரான் என்று பொருள். 3 மைக்ரான் பூச்சு அந்த ஆழத்துக்கு முன் ஒரு தடையே இல்லை. அடியில் இருக்கும் எஃகின் உண்மையை அது சொல்லிவிடும். ஷாஃப்ட்டின் முனைமுகத்தில் ஒரே ஒரு குத்து போதும். ஓடும் பரப்புக்கு ஒரு சேதமும் வராது. அந்த ஒரு குத்தை வைக்காமல் "சரி" என்று முத்திரை போட்டு அனுப்பினேன்.

புகார் வந்து, தேய்ந்த ஷாஃப்ட்டுகள் என் மேசைக்கு வந்த பிறகுதான் ராக்வெல்லில் வைத்தேன். 48 காட்டியது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் அதை ஒட்டியே நின்றது. பிறகு பள்ளம் விழுந்த தடத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். பூச்சு முழுக்கப் பொடிப்பொடியாக விரிசல் கண்டிருந்தது. ஆனால் பல இடங்களில் அது உரிந்து போகவில்லை. எஃகு அமுங்கிய இடத்தில் தானும் அமுங்கி, பள்ளத்தின் அடி வரை தங்க நிறமாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. ராக்வெல் குத்தின் விளிம்பைச் சுற்றிலும் பூச்சு உரியவில்லை. பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கச் செய்யும் சோதனையே அதுதான்: குத்திவிட்டு விளிம்பைப் பார்த்து எச்.எஃப். 1 முதல் 6 வரை தரம் போடுவார்கள். 1 முதல் 4 வரை ஏற்கலாம். என் கண்முன் இருந்தது முதல் தரம்.

அதாவது பூச்சு நன்றாக ஒட்டியிருந்தது. நன்றாகச் சுத்தம் செய்திருந்தால் மட்டுமே அப்படி ஒட்டும். கீழே இருந்த எஃகுதான் சுமையைத் தாங்காமல் இறங்கியது. சேற்றின் மேல் பதித்த ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, மிதித்தால் உடையும். இங்கே சேற்றை உண்டாக்கியவன் நான்.

அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். ராக்வெல் எண்ணை எழுதவில்லை. நுண்ணோக்கிப் படங்களில், குண்டு ஓடித் தேய்ந்து பூச்சு பெயர்ந்துபோன ஓர் ஓரத்தை மட்டும் எடுத்து இணைத்தேன். "ஒட்டுத்திறன் குறைபாடு" என்றேன். கோட்டிங் யூனிட்டின் உரிமையாளர் நேரில் வந்தார். அந்த பாட்ச்சோடு சேர்த்துப் பூசிய சோதனைத் தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் குத்தின் விளிம்பு சுத்தமாக இருந்தது. "தகடு வேற, எங்க ஜாப் வேற" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரிதானுங்க சார்" என்றார். நாங்கள் டெபிட் நோட் போட்டுப் பணம் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார். அவருக்கு வரும் வேலையில் பெரும்பங்கு எங்களுடையது. எதிர்த்துப் பேசினால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு அது தெரியும் என்பதை நான் அறிந்தே பேசினேன். எனக்கு இன்று மிகவும் வெட்கமாக இருப்பது இந்த இடம்தான். மூன்று பேர் கை பட்ட வேலையில், திருப்பிப் பேச முடியாதவர் யார் என்று பார்த்து அவர் தலையில் வைத்தேன்.

என் அறிக்கையை நம்பி அவர் தன் யூனிட்டில் விசாரித்தார். ஷாஃப்ட்டுகளை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவிக் காயவைத்துக் கலத்தில் ஏற்றிய தொழிலாளியை அனுப்பிவிட்டார். பூச்சு வேலையில் மிகப் பொறுமை கேட்பது அந்தக் கழுவும் வேலைதான். விரல்ரேகை ஒன்று பட்டால் போதும், அந்த இடத்தில் பூச்சு நிற்காது. அதை ஒழுங்காகச் செய்தவருக்கு நான் கொடுத்த சன்மானம் இது.

ஏன் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பயம் ஒரு காரணம். யோசனை என்னுடையது, வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது, முத்திரை என்னுடையது. இன்னொரு காரணமும் உண்டு. பட்டறைகளில் கடைசியாகத் தொட்டவர் மீதுதான் முதலில் சந்தேகம் விழும். பூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. உரிந்தால் யாரும் பார்க்கலாம். எஃகு மென்மையானது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் சொன்ன பொய்யை எல்லோரும் ஒரு கேள்வியும் இல்லாமல் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

பிறகு செய்தது அதைவிட மோசம். சத்தமில்லாமல் முறையை மாற்றினேன். அப்போதுதான் குறைந்த சூட்டுப் பூச்சுகளைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். போனில் அந்த யூனிட்டார் எனக்குச் சொல்ல வந்தது என்ன என்பதும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பூச்சு நெருக்கமாகப் படிய வேண்டுமானால், வந்து விழும் அணுக்கள் நல்ல இடம் தேடி நகர்ந்து அமரத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைச் சூடு கொடுக்கும். வாயுக்களின் வேதிவினையால் படியவைக்கும் பழைய சி.வி.டி. முறையில் 1000 டிகிரியை ஒட்டிச் சுட்டார்கள். கார்பைடு கருவிகள் அதைத் தாங்கின. சூட்டுக்குப் பதில் வேறு வழியிலும் அந்தத் தெம்பைக் கொடுக்கலாம். பாகத்துக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்தால், பிளாஸ்மாவில் உள்ள அயனிகள் அதை நோக்கி வேகமாக வந்து மோதி, படிகிற படலத்தை அடித்து இறுக்கும். 1986இல் விண்டோவும் சவிடிஸும் விவரித்த சமனற்ற மேக்னட்ரான் முறை, பாகத்தின் அருகே அயனிகளைப் பெருக்கி இதைச் சுலபமாக்கியது. இன்று குரோமியம் நைட்ரைடை 200 டிகிரி அளவிலேயே பூச முடிகிறது. அசிட்டிலீன் வாயுவைப் பிளாஸ்மாவில் உடைத்து, வைரத்தின் சில குணங்களைக் கொண்ட டி.எல்.சி. என்னும் கரும் கார்பன் படலத்தையும் 200 டிகிரியை ஒட்டியே படியவைக்கிறார்கள்.

அந்தக் கரும் படலம் என் வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தபோது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. எண்ணெய் இல்லாமல் எஃகோடு உரசும்போது டைட்டானியம் நைட்ரைடின் உராய்வுக் கெழு 0.5 அளவில் இருக்கும். டி.எல்.சி.க்கு அது 0.1ஐ ஒட்டி இறங்கும். டீசல் எஞ்சின்களின் காமன் ரெயில் பாகங்களில், 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், 1990களின் பிற்பகுதியிலிருந்தே இது உழைத்துவருகிறது. அடியில் குரோமியப் படலம் ஒன்று வைத்து எஃகோடு பிணைக்கிறார்கள். இதற்கும் எல்லை உண்டு: 300 டிகிரிக்கு மேல் நெடுநேரம் போனால் கிராஃபைட்டாக மாறத் தொடங்கும். நூற்பாலை ஷாஃப்ட் அந்தச் சூட்டைக் காணப்போவதில்லை. தங்க நிறத்தில் மயங்கி நான் தேர்ந்தெடுத்த பூச்சு, சூட்டாலும் தவறு, உராய்வாலும் தவறு.

ஷாஃப்ட்டுகளை 220 டிகிரியில் டெம்பர் செய்யச் சொன்னேன். ராக்வெல்லில் ஓரிரு புள்ளி குறைந்தாலும், எஃகு நிலைத்து நின்றது. பூச்சை டி.எல்.சி.யாக மாற்றி, அதன் சூடு எந்தக் கட்டத்திலும் 200ஐத் தாண்டக் கூடாது என்று எழுதினேன். பூசும் முன்னும் பின்னும் முனைமுகத்தில் ராக்வெல் பார்த்தேன். வேறொரு யூனிட்டுக்கு அனுப்பினேன். ஷாஃப்ட்டுகள் நின்றன. முதலாளி எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். பழைய யூனிட் சரியில்லாததால்தான் முதலில் தோற்றோம் என்று ஊரே நம்ப, நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். உண்மையில் இந்த ஷாஃப்ட்டுக்கு இ.என்.31ஐத்தான் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்தும் 58க்கு மேல் நிற்கிற டி2 எஃகை எடுத்திருந்தால், முதல் தடவை அந்த யூனிட் போட்ட பூச்சே எஃகை மென்மையாக்காமல் இருந்திருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வழி இருந்தது. ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் சப்ளையர் பட்டியலைப் புதுப்பிப்போம். யாருக்கு ஜாப் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற பட்டியல். அந்த யூனிட்டின் பெயருக்கு எதிரே "ஒட்டுத்திறன் குறைபாடு, நிராகரிப்பு" என்று இருக்கும். ஆதாரம் என் அறிக்கை. ஒவ்வொரு ஆண்டும் அதைப் படித்துவிட்டு நான் கையெழுத்திடுவேன். ஒரு தடவை பயத்தில் சொன்ன பொய் என்று இதைச் சுருக்க எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு கையெழுத்திலும் நான் அதை மறுபடி சொன்னேன். அப்போதெல்லாம் என்னை மிரட்ட எந்தப் பயமும் பக்கத்தில் இல்லை.

கடைசியில் ஓர் ஆண்டு பட்டியலில் கையெழுத்திடாமல் முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஒதுக்கி வைத்திருந்த பழைய ஷாஃப்ட்டை அவர் எதிரிலேயே ராக்வெல்லில் வைத்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டார், கோபப்படத்தான் வேண்டும். பிடித்த பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கும் அந்த யூனிட்டுக்கும் திருத்திய அறிக்கை போனது. அதில் இப்படி எழுதினேன்: "ஷாஃப்ட்டின் டெம்பரிங் சூடு 180 டிகிரி. பூச்சின் சூடு சுமார் 450 டிகிரி. இதனால் எஃகின் கடினம் 48க்கு இறங்கியது. எஃகின் கிரேடையும் டெம்பரிங் சூட்டையும் கேட்டும் நாங்கள் கொடுக்கவில்லை. பூச்சின் ஒட்டுத்திறனில் குறை இல்லை. முந்தைய அறிக்கையில் இந்த அளவீடுகள் தெரிந்தே விடப்பட்டன."

அந்த உரிமையாளரைப் பார்க்கப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். அறிக்கையைப் படித்துவிட்டு, "பணம் வந்துருச்சுங்க சார். ஆனா அந்தப் பையனை நானும் ஒரு வார்த்தை கேக்காம அனுப்பிட்டனுங்க" என்றார். பழியில் தானும் பங்கெடுத்துக்கொள்ள அவர் முன்வந்தார். நான் அதை ஏற்கவில்லை. அவர் நம்பியது என் கையெழுத்தை. அந்தத் தொழிலாளி ஊர் மாறிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் பெயருக்கு ஒரு கடிதத்தையும், திருத்திய அறிக்கையின் நகலையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தேன். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாலும், இழந்த வேலையும் அதன்பின் அவர் பட்ட அலைச்சலும் இல்லையென்று ஆகிவிடாது.

எங்கள் டெலிவரி சலானில் இப்போது எஃகின் கிரேடும் டெம்பரிங் சூடும் எழுதப்படாமல் ஒரு ஜாப்பும் கேட்டைத் தாண்டாது. தோல்வி அறிக்கை எழுதினால், எங்கள் பட்டறையில் செய்ததும் செய்யத் தவறியதும் முதல் பக்கத்தில் வரும்; ஜாப் ஒர்க் செய்தவர் படித்துப் பதில் எழுதாமல் அந்த அறிக்கை முடியாது. இந்த விதிகளை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை. அவை இனி வருகிறவர்களுக்கு. முகம் தெரியாத அந்தத் தொழிலாளிக்கு நான் தர வேண்டியது, என் வாயாலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டிய இந்த உண்மை: அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், நான் செய்யவில்லை, அதை மறைக்க அவரைப் பலி கொடுத்தேன்.